ஒரு கிலோவுக்கு 49 விநாடி

1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ சிட்டியில், பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் மிதித்து உலக சாதனை படைத்தார். அந்த முயற்சிக்கென்றே இத்தாலியின் எர்னஸ்டோ கொல்நாகோ செய்துகொடுத்த சைக்கிளின் எடை 6 கிலோவுக்கும் குறைவு. கார்பன் ஃபைபர் ஃபிரேம்கள் பந்தயத்துக்கு வராத காலம் அது. எஃகுக் குழாய்களை வைத்தே கொல்நாகோ அதைச் செய்தார். ஹேண்டில்பாரில் துளை, செயின் கண்ணிகளில் துளை என்று, உலோகம் எங்கெல்லாம் சும்மா இருப்பதாகப் பட்டதோ அங்கெல்லாம் குடைந்து எடுத்திருந்தார்.

மெர்க்ஸ் ஓட்டியதோ மேடு பள்ளமில்லாத ஓடுதளம். சமதளத்தில் சீரான வேகத்தில் போகிறவருக்கு எடை அவ்வளவு பெரிய எதிரி இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது 1 கிலோ கூடுதல் எடை கேட்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு வாட் சக்திதான். அன்று அவருக்கு உண்மையில் கைகொடுத்தது காற்று. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் அதே உயரம்தான். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த மெலிந்த காற்றைக் கிழித்துப் போவது எளிது.

அப்படியானால் எடை எங்கேதான் கணக்கில் வருகிறது? மேலே தூக்கும்போது. பள்ளிக்கூடத்தில் படித்த அதே சூத்திரம்: நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும். 1 கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 9,810 ஜூல் ஆற்றல் வேண்டும். நன்றாகப் பழகிய ஒரு சைக்கிள்காரர் நீண்ட ஏற்றத்தில் 200 வாட் சக்தியைத் தொடர்ந்து கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். 9,810ஐ 200ஆல் வகுத்தால் 49 விநாடி. நீங்கள் சைக்கிளில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும், 1,000 மீட்டர் ஏறும்போது உங்களுக்குத் திருப்பித் தருவது அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நிகர ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 80 கிலோ என்றால், புவியீர்ப்புக்கு மட்டுமே 2 மணி நேரத்துக்கு மேல் கப்பம் கட்ட வேண்டும். அதில் 1 கிலோவைக் குறைத்தால் ஒன்றரை நிமிடம் மிச்சம். பந்தயத்தில் ஒன்றரை நிமிடம் என்பது வெற்றிக்கும் பத்தாவது இடத்துக்கும் உள்ள தூரம். ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர்களோடு ஏறுகிறவருக்கு அது ஒரு டீயின் பாதி. இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான், அதற்குத் தரும் விலை மட்டும் வேறு.

சரி, எடையைக் குறைப்பது என்று முடிவெடுத்துவிட்டோம். எதை வைத்துக் குறைப்பது? எஃகு கனமானது, அலுமினியம் இலகுவானது, அதனால் அலுமினியம் நல்லது என்று கடைகளில் சொல்வார்கள். இங்கே ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. எஃகின் மீட்சிக் குணகம், அதாவது வளையாமல் நிற்கும் விறைப்பு, சுமார் 200 கிகாபாஸ்கல். அடர்த்தி தண்ணீரைப்போல 7.8 மடங்கு. அலுமினியத்துக்கு 70, 2.7. டைட்டானியத்துக்கு 110, 4.5. ஒவ்வொன்றிலும் முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் 25ஐ ஒட்டித்தான் விடை வரும். எடைக்கு எடை பார்த்தால் மூன்று உலோகங்களும் ஒரே அளவு விறைப்பானவை! முதல்முறை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன்.

அப்படியென்றால் அலுமினிய ஃபிரேம் எப்படி இலகுவாகிறது? வடிவத்தால். மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். விட்டத்தை இரண்டு மடங்காக்கி, சுவரின் தடிமனைப் பாதியாக்கினால் எடை அப்படியே இருக்கும், விறைப்பு 4 மடங்காகும். மூங்கில் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் உள்ளே வெற்றிடம் விட்டு வளர்கிறது. அடர்த்தி குறைந்த அலுமினியத்தில் குழாயைப் பருமனாக்கினாலும் சுவர் ஓரளவு தடிமனாகவே நிற்கும். எஃகில் அதே விட்டத்துக்குப் போனால் சுவர் குளிர்பான டின்போல் மெலிந்து, விரலால் அழுத்தினாலே நசுங்கிவிடும். அந்தக் குழாய் ஏதோ ஒரு கட்டத்தில் மடங்கத்தான் செய்யும். மூங்கிலுக்கு அதைத் தடுக்கத்தான் கணுக்கள்.

எஃகை வைத்தும் கெட்டிக்காரத்தனம் செய்தவர்கள் உண்டு. 1897இல் பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம், நுனிகளில் தடிமனாகவும் நடுவில் மெலிதாகவும் இருக்கும் குழாய்க்குக் காப்புரிமை வாங்கியது. பற்றவைக்கும் இடத்தில்தான் அழுத்தமும் சூடும் அதிகம், அங்கே உலோகம் வேண்டும், நடுவில் வேண்டாம். வேலை இருக்கும் இடத்தில் மட்டும் பொருள் இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தின் நேர் வாரிசுதான் இன்றைய கார்பன் ஃபிரேம்.

கார்பன் இழை ஒன்றின் தடிமன் 5 முதல் 7 மைக்ரோமீட்டர், நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை நூலை, முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை பக்குவப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். மற்ற அணுக்கள் வெளியேற, கார்பன் அணுக்கள் நூலின் நீளவாக்கில் அடுக்கடுக்காக நிற்கும். இந்த இழைகளை எபாக்சி பிசினில் தோய்த்து ஒரே திசையில் பரப்பினால், அந்தத் திசையில் விறைப்பை அடர்த்தியால் வகுத்த விடை 80ஐ ஒட்டி வரும். உலோகங்களைப்போல மூன்று மடங்கு.

'அந்தத் திசையில்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. விறகு பிளந்தவர்களுக்கு இது தெரியும். நார் ஓடும் திசையில் கோடரி போட்டால் ஒரே அடி. குறுக்கே வெட்டினால் கை வலிக்கும். கார்பனும் அப்படித்தான். இழைக்குக் குறுக்கே அதன் விறைப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால் ஃபிரேம் செய்கிறவர்கள் பிசின் தோய்த்த கார்பன் தாளை நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தீர்மானித்த கோணத்தில் கையால் ஒட்டுகிறார்கள். பெடலை மிதிக்கும்போது ஃபிரேமின் அடிப்பகுதி முறுகும். அங்கே 45 டிகிரியில் இழை ஓட வேண்டும். பின்சக்கரத்திலிருந்து சீட்டுக்குப் போகும் குச்சிகள் சற்றே வளைந்து குலுக்கலை வாங்க வேண்டும். அங்கே வேறு அடுக்கு. ஒரு ஃபிரேம் எவ்வளவு நல்லது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. அறிவு முழுக்க வண்ணப்பூச்சுக்கு உள்ளே இருக்கிறது. 2020இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஏத்தோஸ் என்ற ஃபிரேமைக் கொண்டுவந்தது. எடை 585 கிராம் என்று அறிவித்தார்கள். அரை கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான் அந்த ஃபிரேம்.

இந்தத் திசைப் பிடிவாதம், பாகங்களைப் பூட்டி இறுக்கும்போது நம்மைத் தண்டிக்கும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் என் முதல் கார்பன் போஸ்ட்டை சாதாரண ஆலன் கீயால் 'இன்னும் கொஞ்சம்' என்று இறுக்கினேன். இரண்டு வாரம் கழித்து ஏற்றத்தில் கிரீச் என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் கிளாம்ப் கடித்த இடத்தில் முடி அகலத்தில் ஒரு விரிசல். உலோகம் அளவுக்கு மீறினால் முதலில் நெளிந்து எச்சரிக்கும். கார்பன் அப்படி நெளியாது. தாங்கும் வரை தாங்கிவிட்டு உடையும். அன்றே, எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். பல கார்பன் பாகங்களின்மேல் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள்; அந்த எண்ணை மதிக்க வேண்டும். வழுக்குமே என்ற பயத்துக்கு நுண்மணல் கலந்த கார்பன் பேஸ்ட் இருக்கிறது. அது உராய்வைக் கூட்டும், குறைவாக இறுக்கினாலே போதும். உயர்ரக சைக்கிளைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டுகிறவர் வாங்க வேண்டிய முதல் பொருள் இந்த ரெஞ்ச் என்பது என் உறுதியான கருத்து.

சரி, எல்லாப் பாகத்தையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்போம். நல்ல கார்பன் ஃபிரேம் 750 கிராம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் 350, இரண்டு சக்கரமும் 1,350, கியர் பிரேக் செட் முழுதும் 2,450, டயரும் ட்யூபும் 530, ஹேண்டில்பார் 330, பெடல் 230, சீட்டும் போஸ்ட்டும் 300, மற்ற சில்லறை 230. கூட்டினால் 6.5 கிலோ சொச்சம். தொழில்முறைப் பந்தயங்களில் இதை அப்படியே ஓட்ட முடியாது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000 முதல் 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டியை அனுமதிப்பதில்லை. மெர்க்ஸ் அன்று ஓட்டிய வண்டிக்கும் இன்று இடமில்லை. நமக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் இங்கிருந்து கீழே இறங்க இறங்க ஒவ்வொரு கிராமும் விலை ஏறும். எஃகு போல்ட்டை டைட்டானியமாக மாற்றினால் போல்ட்டின் எடை நாற்பது சதவீதத்துக்கு மேல் குறையும் என்பது உண்மை. வண்டி முழுக்க மாற்றிக் கிடைப்பதோ சில பத்து கிராம்.

சக்கரத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது: சுழலும் எடையில் 1 கிராம் குறைத்தால் ஃபிரேமில் பல கிராம் குறைத்ததற்குச் சமம் என்று. இதில் பாதி உண்மை. ரிம்மும் டயரும் முன்னோக்கியும் போகின்றன, சுழலவும் செய்கின்றன. ஆகவே வேகம் எடுக்கும்போது அந்த எடை இரண்டு முறை கணக்கில் வரும். அதற்கு மேல் வராது. ரிம்மில் 400 கிராம் குறைத்துவிட்டு, நின்ற நிலையிலிருந்து 36 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் மிச்சம் 40 ஜூல். 80 கிலோ ஆளும் வண்டியும் அந்த வேகத்தை எட்டச் செலவாவது 4,000 ஜூல். நூற்றில் ஒன்று. சீராக மலையேறும்போது ரிம்மில் உள்ள கிராமும் தண்ணீர்ப் புட்டியில் உள்ள கிராமும் ஒன்றுதான். இலகுவான சக்கரம் மாட்டியதும் வண்டி துள்ளுவதாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. கடிகாரம் அதை அவ்வளவாகக் காட்டாது.

கடிகாரம் காட்டுவது டயரை. உருளும்போது டயரின் அடிப்பாகம் தட்டையாகி மறுபடி வட்டமாகிறது. ஒவ்வொரு முறையும் ரப்பர் தான் வாங்கிய ஆற்றலில் கொஞ்சத்தைச் சூடாக விழுங்கிவிடும். மெல்லிய, மிருதுவான உறையுள்ள பந்தய டயர் குறைவாக விழுங்கும். தடித்த சாதாரண டயரின் உருளல் தடைக் குணகம் 0.007 என்றால் நல்ல டயருடையது 0.004. மணிக்கு 30 கிலோமீட்டரில் இந்த வித்தியாசம் 20 வாட். மேலே பார்த்த நம் 200 வாட்காரருக்கு இது பத்தில் ஒரு பங்கு, அதுவும் சைக்கிளிலேயே மலிவான மாற்றங்களில் ஒன்றுக்கு! கூடவே கொஞ்சம் அகலமாக, 28 மில்லிமீட்டர் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்தால் நம் சாலைகளின் சொரசொரப்பில் உடம்பு குலுங்கி வீணாகும் ஆற்றலும் மிஞ்சும். கல்போல் காற்றடித்த 23 மில்லிமீட்டர் டயர்தான் வேகம் என்று நாம் பல வருடம் நம்பினோம். தொழில்முறை வீரர்களே அதைக் கைவிட்டாயிற்று.

அப்புறம் காற்று. அதைக் கிழிக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இரண்டு மடங்கு வேகத்துக்கு 8 மடங்கு சக்தி. சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்திலேயே நம் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு காற்றுக்குப் போகிறது. அந்தத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நம் உடம்பு, வண்டி இல்லை. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனியாக ஓட்ட வேண்டிய கட்டம். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், பிரான்சின் லோரான் ஃபிஞோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்தார். முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னால் குவித்துப் பிடிக்கும் புதுவகை ஹேண்டில்பார் ஒன்றை லெமாண்ட் மாட்டியிருந்தார். அதற்கே கொஞ்சம் எடை கூடும். ஆனால் உடல் குறுகி, காற்று வழுக்கிப் போனது. மணிக்கு 54.5 கிலோமீட்டர் சராசரியில் வந்து, மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார்.

அதனால் பழைய வண்டியை மேம்படுத்த நினைப்பவர் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் டயர், பிறகு உட்காரும் நிலை, அப்புறம் சுத்தமான மெழுகு பூசிய செயின், அதற்குப் பின் சக்கரம், கடைசியாகத்தான் ஃபிரேம். மலையே உங்கள் உலகம் என்றால் மட்டும் கடைசி இரண்டை முன்னால் இழுக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் நான் கிராம் பார்க்க மாட்டேன். ஊட்டி வரை ஏற்றிய 80 கிலோவுக்குள் 15 லட்சம் ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. இறங்கும்போது அதில் கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் பிடித்துப் பிடித்து நிறுத்துவதெல்லாம் பிரேக்கில் சூடாகும். அந்த 15 லட்சம் ஜூல் முழுதும் வெப்பமானால் 4 லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ரிம்மையே கவ்விப் பிடிக்கும் பிரேக்கில் இந்தச் சூடு கார்பன் ரிம்மில் இறங்கும். அளவு மீறினால் பிசின் இளகி ரிம் உருக்குலையும், உள்ளே ட்யூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் சில நூறு கிராம் கூடுதல்தான், ஆனால் சூட்டை ரிம்முக்கு வெளியே ஒரு எஃகுத் தட்டில் வைத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அந்தச் சில நூறு கிராமுக்கு ஏறும்போது நான் தருவது அரை நிமிடம். குன்னூர் வளைவுகளில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதை மனதாரத் தருகிறேன்.