இனி யாரும் ‘அர் வீ’ என்று சொல்லாதீர்கள்

‘என் மேல்’ என்பதற்கு இந்த வகுப்பிலும் அதே தவறான ‘அர் வீ’. வேல்ஸுக்கு வேலைக்கு வரும் நம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வெல்ஷ் சொல்லிக்கொடுக்கிறேன். உச்சரிப்பு இடறினால் பொறுப்பேன், முதலெழுத்துத் திரிபு தவறினாலும் பொறுப்பேன். இதை மட்டும் முடியவில்லை.

‘அர்’ என்றால் மேல். நான், நீ, அவன், அவள் என்று ஆள் சேர்ந்தால் அந்தச் சொல்லே உருமாறும்: அர்னா ஈ, அர்னத் தீ, அர்னோ வே, அர்னி ஹீ. விஷயம் அவ்வளவுதான்.

திருத்தினால், “அது ஏட்டு வெல்ஷ் மேடம், எனக்குப் பேச்சு வெல்ஷ் போதும்” என்கிறார்கள். யார் கிளப்பிவிட்ட கதையோ! ஏட்டில் இருப்பது ‘அர்னவ்’. பேச்சில் கடைசி ‘வ்’ உதிர்ந்து ‘அர்னா ஈ’ ஆயிற்று. ‘அவர்கள் மேல்’ என்பதற்கு ஏட்டு ‘அர்னின்ட்’, பேச்சில் ‘அர்னின் நூ’. தேய்ந்தது நுனி மட்டுமே, விகுதி அப்படியே இருக்கிறது. வடக்கு வேல்ஸின் கார்னார்வனில் பள்ளிக்கூடம் போகாத குழந்தையும் ‘அர்னா ஈ’ என்றுதான் சொல்லும்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். ‘என்னோடு’ என்பதற்குத் தெற்கில் ‘கெடா வீ’, வடக்கில் ‘எவோ வீ’, இரண்டும் மாறாதவை. ‘கு’ என்று பொருள்படும் ‘இ’ இன்னும் மோசம்: ‘இ வீ’, ‘இ தீ’ என்று சாதுவாக இருந்துவிட்டு, அவன், அவள் வந்ததும் ‘இதோ வே’, ‘இதி ஹீ’ ஆகிவிடும்.

நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு கண்ணி. “எனக்குச் சளி” என்று நினைத்து ‘இ வீ’ போடுகிறார்கள். வெல்ஷில் சளி ஆளின் மேல் இருக்கும்: மாய் அனுயிட் அர்னா ஈ. நோயாளியிடம் “உங்களுக்கு என்ன செய்யுது?” என்று கேட்பதும் ‘பேத் சின் போட் அர்னோஃக் ஃகீ?’தான். அதற்காக எல்லா நோய்க்கும் ‘அர்’ போட்டுவிடாதீர்கள். தலைவலிக்குத் தெற்கில் ‘மாய் பென் டோஸ்ட் டா வீ’, வடக்கில் ‘மாய் கென் ஈ கிர் பென்’.

பெயருக்கு முன் மாற்றவே கூடாது. ‘அர் ஷான்’ சரி, ‘அர்னி ஷான்’ தப்பு. கடன் பேசும்போது இரட்டைக் கவனம்: ‘மாய் அர்னா ஈ பிம் பின்ட் இ தீ’ என்றால் நான் உனக்கு 5 பவுண்டு தர வேண்டும். ஆளை மாற்றிப் போட்டால் கடன்காரரும் மாறிவிடுவார்.

பட்டியலாக உருப்போடாதீர்கள், தயவுசெய்து. வாக்கியத்தோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘அர்’ படிந்ததும், ‘கென் ஈ’ ஆகும் ‘கன்’, பிறகு ‘ஹெப்’. ‘ஹெப்தோ ஈ’ என்றால் நான் இல்லாமல். ‘ஹெப் வீ’ என்று எவராவது ஆரம்பித்தால் அன்று வகுப்பு நேரத்தோடு முடியாது.