கடல் பெருசுதான், அதனால் என்ன?

கடலோரச் சுற்றுலா போய்வந்த மாணவர் ஒருவர் வீடியோ காட்டினார். இரண்டு படகுகளுக்குள் போட்டி, ஒன்றையொன்று உரசுகிற நெருக்கத்தில். ஆட்கள் விசிலடிக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட்டெல்லாம் கூரையில் கயிறு போட்டுக் கட்டியபடியே இருக்கின்றன. மோதியிருந்தால் என்றேன். "கடல் எவ்வளவு பெருசு சார், எப்படி மோதும்?"

மதுரையில் கப்பல் வேலைக்குப் போகிற பையன்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கடல் பெருசுதான். ஆனால் எல்லாக் கப்பலும் படகும் துறைமுக வாசலுக்குத்தானே வந்தாக வேண்டும்? 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, நடுக்கடலிலா? துறைமுகத்துக்குப் பக்கத்தில். வாளியில் அள்ளினார்கள், நினைவிருக்கும். 2024 டிசம்பர் 18 அன்று மும்பையில், சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை வேகப்படகு கட்டுப்பாடிழந்து எலிஃபெண்டா தீவுக்குப் போன பயணிகள் படகில் மோதியதும் துறைமுகத்துக்குள்தான். 15 பேர் உயிர் போய்விட்டது.

மோதுமா மோதாதா என்று தெரிய, எதிரே வரும் படகை உங்கள் படகின் கம்பி ஒன்றோடு ஒட்டிப் பாருங்கள். கம்பியை விட்டு முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் கடந்துவிடும். நகராமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் உங்கள் மேல்தான் வருகிறது. டிரைவரிடம் கத்திச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அடுத்து அவர்கள் சொல்வது, "பெரிய கப்பல்காரன் பிரேக் போடுவான்." பிரேக்கே கிடையாது, ஐயா! முழு வேகத்தில் வரும் பெரிய கப்பல் நிற்க இரண்டு மூன்று கிலோமீட்டர்கூட ஆகும். அதன் மூக்குக்கு முன்னால் 500 மீட்டர் வரை மேலே நின்று கப்பலை ஓட்டுகிறவருக்குக் கடலே தெரியாமல் போகலாம். அங்கே குறுக்கே புகுவது வீரமா? கடலில் மோதலைத் தடுக்கும் 1972 சர்வதேச விதிப்படி, இன்ஜின் படகுகள் குறுக்கிட்டால், தன் வலப்பக்கம் வருகிறவருக்கு மற்றவர் வழிவிட வேண்டும். அவர் விடவில்லையென்றால், வழி உள்ளவரும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் மதுரைக் கோரிப்பாளையத்தில் ஹாரன் அடித்து நுழைகிற வேலை அங்கே நடக்காது.

சரி, பயணிகளுக்கு. படகு கிளம்புமுன் ஜாக்கெட்டைப் போட்டு பக்கிளை மாட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர் ஜாக்கெட் வேண்டாம், தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். போட்டோவுக்காக ஒரே பக்கம் குவியாதீர்கள். 2009-ல் நம் பக்கத்துத் தேக்கடியில் படகு ஒருபக்கம் சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் இறந்தது ஏரியில்தான். ஜாக்கெட் இல்லையென்றாலும், அளவுக்கு மேல் ஆள் ஏற்றினாலும் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.