இங்கிலாந்தின் 1918 தாய் சேய் நலச் சட்டம்: முதல் கேள்வி 'எந்த ஊர்?'

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தால் என்ன சலுகை கிடைத்திருக்கும்? அதற்குப் பதில், அவர் எந்த ஊரில் குடியிருந்தார் என்பதில்தான் இருக்கிறது.

1918 சட்டத்தின்படி உள்ளூர் கவுன்சில் கர்ப்பிணிகளுக்கு கிளினிக் வைக்கலாம், வருமானம் விசாரித்து இலவசமாகவோ மலிவாகவோ பால் கொடுக்கலாம், பிரசவமான வீட்டில் சமையல், துணி துவைப்பது எல்லாம் பார்க்க ஓர் ஆளை அனுப்பலாம். 1920களில் செலவில் பாதி அரசு மானியமாக வந்தது. இந்தச் சேவைகள் எல்லாமே 'லாம்' என்பதைக் கவனியுங்கள், எதிலும் 'வேண்டும்' இல்லை. மீதிப் பாதி உள்ளூர் வரிப்பணம் அல்லவா, அதனால் கைப்பிடித்தமான கவுன்சில்கள் பேருக்கு ஏதோ செய்துவிட்டு இருந்தன. லண்டனின் பெர்மாண்ட்ஸியோ ஏழைப் பகுதிதான், ஆனால் தெருவில் வேனை நிறுத்தி சுகாதாரப் படம் போட்டுக் காட்டுகிற அளவுக்கு இறங்கி வேலை செய்தது.

கட்டாயமாக இருந்தது பிறப்புத் தகவல். 1915 முதல் எல்லா ஊரிலும், குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவச்சியின் பையில் இதற்கென்றே முகவரி அச்சடித்து ஸ்டாம்ப் ஒட்டிய தபால் அட்டை இருக்கும், கவுன்சிலே இலவசமாகக் கொடுத்தது. அந்த அட்டையை வைத்துத்தான் சுகாதார நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டுவார். அப்புறம் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நல மையத்துக்குப் போவாள், துணியைக் கழற்றித் தராசில் வைப்பார்கள், எடையை அட்டையில் எழுதுவார்கள், பால் பவுடர் டின் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்? பெரும்பாலும் அறிவுரையோடு சரி, வைத்தியத்துக்குக் காசு கொடுத்து டாக்டரிடம்தான் போக வேண்டும். கணவனின் இன்சூரன்ஸில் டாக்டர் பார்ப்பது அவனை மட்டும், மனைவி பிள்ளையை அல்ல. எனக்கு இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டையாகப் படுவது இதுதான்.

ஒரு வயதுக்குள் சாகும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 97 என்று 1918-இல் இருந்தது, 1939-இல் சுமார் 51 ஆனது (வீடு, சாப்பாடு, சின்னக் குடும்பம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு). பிரசவத்தில் தாய் சாவது மட்டும் 1930களின் நடுப்பகுதி வரை ஆயிரத்துக்கு நாலையொட்டியே இருந்தது, குறையவே இல்லை. அதன் பிறகுதான், 1936 மருத்துவச்சிகள் சட்டத்தில், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் சம்பளத்துக்கு இருக்கும்படி உள்ளூர் நிர்வாகம் ஏற்பாடு செய்தே ஆக 'வேண்டும்' என்று எழுதினார்கள்.