சொல் விளக்கம்: ட்ரீட்மென்ட் என்றால் சுத்திகரிப்பா, நேர்த்தியா?

"தோல் ஆலைக் கழிவுநீர் முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டு வெளியேற்றப்படுகிறது." செய்தியில் இந்த வரி வந்தால் நாகர்கோவில் டீக்கடையில் இருப்பவர் சொல்வது ஒன்றுதான்: "சுத்திகரிச்சுத்தானே விடுதாவ, பின்ன என்ன?" அவர்மேல் பிழையில்லை. கடையில் குடிக்க வைத்திருக்கும் 20 லிட்டர் கேனிலும் 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர்' என்றே ஒட்டியிருக்கிறது. பிழை, ட்ரீட்மென்ட்டைச் சுத்திகரிப்பு என்று மொழிபெயர்த்தவருடையது.

ட்ரீட்மென்ட் என்ற சொல்லின் வேர் லத்தீன் 'ட்ராக்டாரே'. கையாளுதல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. செய்தபின் பொருள் தூய்மையாகிவிடும் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள் இல்லை. சுத்திகரிப்போ வடமொழிச் 'சுத்தி'யும் 'கரணமு'ம் சேர்ந்து வந்தது. தூய்மையாக்கல் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. வடசொல் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளவில்லை, நடக்காததை நடந்ததாகச் சொல்வதால் தள்ளுகிறேன்.

என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். பச்சைத்தோல் கெடாதிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பைத் தடவி ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஊறப்போட்டதும் அந்த உப்பில் பெரும்பகுதி ஊறல் நீரில் இறங்குகிறது. அடுத்தது மயிர் உரிக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். அந்த நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம்) 12-ஐ ஒட்டி நிற்கும். பிறகு அமிலமும் உப்பும் சேர்ந்த பிக்கிள் தொட்டி, பிஎச் 3-க்குப் பக்கம். இந்த இரண்டு நீரும் ஒரே வாய்க்காலில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அந்தக் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கும் தொழிலாளி உயிரோடு ஏறமாட்டார். காயலோரம் கதம்பை (தேங்காய் மட்டை) அழுகப்போட்ட இடத்தில் அடிக்கும் அழுகல் முட்டை நாற்றமும் இதே வாயுதான். கடைசியில் தோல் அழுகாதிருக்கக் குரோம் (குரோமிய உப்பு) ஏற்றுகிறார்கள். போட்ட குரோமில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும், மிச்சம் தண்ணீரில் போகும்.

ஒவ்வொரு நீருக்கும் செய்வது வேறு. குரோம் நீரைத் தனித்தொட்டியில் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, பிஎச் 8 வந்ததும் நிறுத்தி ஓர் இரவு தெளியவிட்டால், பச்சைச் சேறாகக் குரோம் அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டுச் சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி தோலுக்கே போடலாம். செலவு மிச்சம் என்று சுண்ணாம்பைப் போட்டால் ஜிப்சம் கலந்து சேறு பருத்துவிடும், திரும்ப எடுத்துப் பயன்படுத்த உதவாது. மற்ற நீரெல்லாம் கலவைத் தொட்டி, படிகாரமிட்ட தெளிவுத் தொட்டி, காற்றூட்டும் தொட்டி என்று வரிசையாகப் போகின்றன. காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) இறங்குகிறது, நாற்றம் போகிறது, நீர் கண்ணுக்குத் தெளிவாக வருகிறது.

உப்பு மட்டும் வந்தபடியே போகிறது! படிகாரமும் அதைத் தொடாது, நுண்ணுயிரும் தொடாது. வெளியே விடும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்பது வரம்பு. ஊறல் நீரைத் தனியே பிரித்து வெயில் பாத்திகளில் காயவிடாத ஆலையின் கலவை நீரில் அது 10,000-ஐத் தாண்டும். சவ்வு வழியே நீரை அழுத்திப் பிரிக்கும் ஆர்ஓ வைத்தால் உப்பு பிரியும், ஆனால் அழியாது. அது ஒதுக்கும் கழிப்பு நீரைக் கொதிக்கவைத்து எடுத்தபின் மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பு நிற்கும். பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகள் குறித்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின் கழிவுநீர் நிலையம் இல்லாமல் ஆலை ஓட முடியாது என்றானது. நிலையங்கள் வந்தன, 'சுத்திகரிப்பு நிலையம்' என்று பலகையும் வைத்தார்கள். தெளிந்து வரும் உப்புநீரை அந்தப் பலகை தூயநீர் என்கிறது.

மாற்றாகச் சிலர் 'பதப்படுத்தல்' என்கிறார்கள். தமிழ்ச்சொல்தான், நல்ல சொல்தான், இடம்தான் தவறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் அக்கானிக்குப் பதநீர் என்று பெயர். புளிக்காமல் பதத்தில் நிறுத்துவதால் அந்தப் பெயர். தோலைப் பதனிடுவதும் அழுகாமல் காப்பதுதான். கழிவுநீரில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர்: உள்ளே இருக்கும் அழுக்கு நம் கண்முன்னே, தொட்டிக்குள்ளேயே சிதைந்து தீர வேண்டும் என்றுதான் காற்றூட்டுகிறோம். தவிர, 'பதனிடும் ஆலைக் கழிவுநீரைப் பதப்படுத்துதல்' என்று எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். 'கையாளுதல்' வேருக்கு நெருக்கம். ஆனால் லாரியில் ஏற்றி இன்னொரு ஊரில் கொட்டுவதும் கையாளுதல்தானே?

நாஞ்சில் நாட்டு வயலில் இதற்குரிய சொல் நெடுநாளாகப் புழங்குகிறது: விதை நேர்த்தி, அதாவது விதைக்குமுன் விதையில் மருந்து கலப்பது. ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நுண்ணுயிர்) என்றால் எல்லாருக்கும் விளங்கும். அப்படிச் செய்த விதையை யாரும் 'சுத்தமான விதை' என்று சொல்வதில்லை. "எதுல நேர்த்தி பண்ணுன, எவ்வளவு போட்ட?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். 'கழிவுநீர் நேர்த்தி' என்றால் எந்த நேர்த்தி, எதைக் குறைத்தது, எவ்வளவு மிச்சம் என்று கேட்கத் தோன்றும். சுத்திகரிப்பு என்றதும் கேள்வி அடங்கிவிடுகிறது. நேர்த்திக்கடன் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். வரட்டும், விதை நேர்த்தியைக் கேட்டு யாரும் கோயிலுக்குக் கிளம்பியதில்லை.

இந்தக் குழப்பம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. கச்சா எண்ணெயைப் பிரிப்பதும் சுத்திகரிப்பு, கேன் தண்ணீரும் சுத்திகரிப்பு, ரப்பர் ஷீட் அடித்தபின் வடியும் புளித்த நீரில் சுண்ணாம்பு போட்டு அமிலம் தணிப்பதும் சுத்திகரிப்பு. ரிஃபைனிங், ப்யூரிஃபிகேஷன், ட்ரீட்மென்ட் என்ற மூன்று ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே சொல்லைப் போட்டு நிரப்புகிறவர் அகராதியைப் பார்க்கிறார், தொட்டியைப் பார்ப்பதில்லை.

ஆலை வாசல் பலகையில் இப்படி எழுதலாம்: 'இரண்டாம் நிலை (நுண்ணுயிர்) நேர்த்தி முடிந்த நீர். மொத்தக் குரோமியம், பிஓடி, கரைந்த உப்பு: லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். மாதிரி எடுத்த நாள் இது. குடிக்க ஆகாது.'