காபியும் கடல்பாசியும்: மதுரை வெயிலில் உறையும் ஓர் இனிப்பு

இத்தாலியின் வடமேற்கில் உள்ள பியத்மாந்தே பகுதியோடு தொடர்புடைய இனிப்பு 'பன்னா கோட்டா'. 'சமைத்த பாலேடு' என்பது அந்தப் பெயரின் பொருள். பாலையும் பாலேட்டையும் சர்க்கரையோடு சூடாக்கி, ஜெலட்டினைக் கரைத்து, கெட்டியான காபியும் காபி லிக்யூரும் (காபி மணமுள்ள இனிப்பு மது) சேர்த்துக் குளிரவைத்தால், கரண்டி பட்டவுடன் நடுங்கும் மென்மையான இனிப்பு கிடைக்கிறது. ஆனால் மதுரையில் சித்திரை மாதத்து மதியவேளையில் இதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் கவிழ்த்தால், விருந்தினர் கையில் கொடுப்பதற்குள் அடிப்பகுதி இளகித் தட்டில் பரவத் தொடங்கிவிடும். இதில் செய்தவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெலட்டின் 30 முதல் 35 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும் பொருள், வெளியே வெயிலோ 40 டிகிரியைத் தொடுகிறது.

விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்ற புரதத்திலிருந்து ஜெலட்டின் எடுக்கப்படுகிறது. சூட்டில் தனித்தனி இழைகளாகப் பிரிந்து கிடக்கும் அது, குளிரும்போது மூன்று மூன்றாக முறுக்கிக்கொண்டு ஒரு வலையாகி, அந்த வலைக்குள் நீரைப் பிடித்து வைக்கிறது. முறுக்குகளைக் கட்டி வைக்கும் பிணைப்புகள் வலுவற்றவை என்பதால் நம் உடல் சூடே அவற்றைப் பிரித்துவிடுகிறது. வாயில் வைத்ததும் கரைகிறது என்று நாம் பாராட்டும் குணமும், தட்டில் இளகுகிறது என்று வருந்தும் குறையும் ஒன்றேதான்.

இதற்கு மாற்று மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பாலோடு காய்ச்சித் துண்டுபோடும் கடல்பாசியும், ஜிகர்தண்டாவில் சிலர் சேர்க்கும் கடல்பாசியும் அகர் என்ற பொருளே. மன்னார் வளைகுடாவில் பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அது எடுக்கப்படுகிறது. அதைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் மதுரையைச் சுற்றிலும் உள்ளன. வெயிலில் ஜெலட்டின் உருகும் சிக்கலை முதலில் தீர்த்தது சமையலறை அறிவு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1881-இல் ஜெர்மனியில் நுண்ணுயிர்களை ஜெலட்டினில் வளர்க்க முயன்ற வால்தர் ஹெஸ், அது இளகிப் போவதால் திண்டாடியபோது, வீட்டில் தாம் செய்யும் ஜெல்லிக்குப் பயன்படுத்தும் அகரைப் பரிந்துரைத்தவர் அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ். உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் அகர்த் தட்டுகளே புழங்குகின்றன.

அகர் கரைய ஏறத்தாழ 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கரைந்தது உறைவதோ 35 முதல் 40 டிகிரிக்குள். உறைந்துவிட்டால் மீண்டும் இளக்குவதற்குப் பழையபடி 85 டிகிரி தேவைப்படும். இரட்டை இழைகளாக முறுக்கிய அகர், மேலும் கற்றை கற்றையாகச் சேர்ந்து ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதே இதற்குக் காரணம். எனவே அது மதுரை வெயிலில் இளகாது. ஆனால் அதே காரணத்தால் வாயிலும் உருகாது, கடித்தால் உடையும். ஆகவே அளவைக் குறைப்பதே என் வழி. அரை லிட்டர் பாலும் பாலேடுமான கலவைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் அகர்த் தூள் போதும். அதற்கு மேல் போட்டால் பர்பி போல வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தூளைப் பாலில் தூவி ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, சுமார் 50 டிகிரிக்கு ஆறியதும் டிகாஷனையும் லிக்யூரையும் ஊற்றிக் கலக்க வேண்டும். கொதிநிலையில் ஊற்றினால், லிக்யூரில் உள்ள ஆல்கஹாலான, 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனாலின் ஒரு பகுதியோடு அது கரைத்து வைத்திருக்கும் மணமும் ஆவியாகிவிடும். ஆறட்டும் என்று நெடுநேரம் விட்டுவிட்டாலோ பால் அங்கங்கே உறைந்து கட்டிகட்டியாகிவிடும். இறக்கிய பின் ஊற்றினாலும் எத்தனால் பெரும்பாலும் இனிப்பிலேயே தங்கிவிடும் என்பதால், சிறுவர்களுக்கு லிக்யூர் இல்லாமல் தனியே எடுத்து வைப்பதே முறை.

பால் திரிந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. பாலில் கேசீன் புரதத் துகள்கள் தம்மைச் சுற்றி நீரைப் போர்த்திக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. எத்தனால் அந்தப் போர்வையைக் கலைக்கிறது, காபியின் அமிலம் துகள்களின் மின்னூட்டத்தைக் குறைக்கிறது. பால் கொள்முதலில் பாலின் தரத்தை அறிய 68 விழுக்காடு எத்தனாலைச் சம அளவு பாலோடு கலந்து பார்ப்பது இந்த இயல்பை வைத்துத்தான்: புளிக்கத் தொடங்கிய பாலாக இருந்தால் உடனே திப்பிதிப்பியாகும். நம் இனிப்பில் 20 விழுக்காடு எத்தனால் உள்ள லிக்யூர் நாற்பது மில்லி மட்டுமே சேர்வதால் மொத்தத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடாக நீர்த்துவிடுகிறது. பால் மட்டும் அன்று வாங்கிய புதுப் பாலாக இருக்க வேண்டும்.

சுவையிலும் ஒரு திருத்தம் வேண்டும். குளிர்ந்த நாவுக்கு இனிப்பு மங்கலாகவே தெரியும் என்பதோடு, உருகாத அகர் வலை சுவையை மெல்லவே விடுவிக்கிறது. ஆகவே டிகாஷன் முதல் இறக்கமாகக் கெட்டியாக இருக்க வேண்டும். சூடாகச் சுவைக்கும்போது சற்றுத் திகட்டும் அளவுக்குச் சர்க்கரை இருந்தால்தான் குளிர்ந்தபின் சரியாக இருக்கும். எளிதில் ஆவியாகும் எத்தனால் மணத்தையும் ஏந்திக்கொண்டு மூக்கை எட்டுகிறது என்பதால், லிக்யூரின் இடத்தை நன்னாரி சர்பத்தால் முழுமையாக நிரப்ப முடிவதில்லை. அது நல்ல சுவைதான், ஆனால் வேறொரு சுவை.

அவசரத்துக்காக இதை உறைபெட்டியில் மட்டும் வைத்துவிடக் கூடாது. எடைக்கு எடை பார்த்தால் எத்தனால் சர்க்கரையைப் போல ஏழு மடங்குக்கு மேல் உறைநிலையைத் தாழ்த்தும் என்றாலும், இங்கே சேரும் சிறு அளவு பனிப்படிகங்களைத் தடுக்கப் போதாது. படிகங்கள் அகர் வலையைக் கிழித்துவிடும், இளகும்போது நீரின் பெரும்பகுதி வெளியேறிவிடும். அகரிலிருந்து நீரை நீக்க ஆலைகளில் உறையவைத்து இளக்கும் முறையும் இதுவே. கடையில் நாம் வாங்கும் கடல்பாசி இழைகள் கையில் எடையே தெரியாத அளவுக்கு லேசாக இருப்பது அதனால்தான்.