ஹவுண்ட்ஸ்டூத்: வேட்டைப்பல் கட்டம்

1969ஆம் ஆண்டின் செவர்லே கமாரோ கார்கள் சிலவற்றில், இருக்கையின் ஓரங்கள் வழவழப்பான வினைலாக இருக்க, நடுப்பகுதியில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக முனை கூர்ந்த கட்டங்கள் நிறைந்த துணி தைக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தின் பெயரே ஹவுண்ட்ஸ்டூத். 'மசில் கார்' எனப்படும் ஆற்றல் மிகுந்த அமெரிக்கக் கார்களின் பிரியர்களுக்கு எஞ்சினைப் போலவே இதுவும் ஓர் அடையாளம்.

'ஹவுண்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் எந்த நாயையும் குறித்தது. ஜெர்மன் மொழியின் 'ஹுண்ட்' இன்றும் அப்பொருளிலேயே வழங்க, ஆங்கிலச் சொல்லோ வேட்டைநாயைக் குறிப்பதாகச் சுருங்கியது. 'டூத்' என்பது பல். பிரெஞ்சுக்காரர்கள் இதே கட்டத்தில் பல்லைக் காணாமல் கோழியின் காலைக் கண்டு, அப்படியே பெயரிட்டார்கள்.

பெயரைவிடத் துணி மிகப் பழையது. சுவீடனின் கெரும் என்னுமிடத்துச் சதுப்புநிலத்தில் கிடைத்த, கிறித்துவுக்கு முற்பட்ட கம்பளிப் போர்வையிலேயே இக்கட்டம் உண்டு. எனினும் இன்றைய வடிவம் ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்து ஆட்டிடையர் அணிந்த கம்பளித் துணியிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது.

இந்தப் பல் அச்சிட்டதன்று, நெசவிலேயே முளைப்பது. பாவிலும் (நீளவாட்டு இழைகள்) ஊடையிலும் (குறுக்கு இழைகள்) நான்கு கறுப்பிழை, நான்கு வெள்ளையிழை என மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வோர் ஊடை இழையும் இரண்டு பாவிழைகளுக்கு மேலும் அடுத்த இரண்டுக்குக் கீழும் சென்று, வரிசைக்கு ஓர் இழை தள்ளித் தொடங்குமாறு ட்வில் முறையில் நெய்தால், சதுரமாக முடிந்திருக்க வேண்டிய கட்டத்தின் மூலைகள் சாய்வாக நீண்டு கூர்மையடைகின்றன.

தமிழில் 'நாய்ப்பல் கட்டம்' எனலாம். பொருள் பிழையில்லை, ஆனால் காதுக்குச் சற்று வசைபோல் ஒலிக்கிறது. தமிழகப் பாடநூல்கள் கோரைப்பல் என்பதை இலங்கைப் பாடநூல்கள் வேட்டைப்பல் என்கின்றன. வேட்டைநாயும் பல்லும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், 'வேட்டைப்பல் கட்டம்' என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. 'கறுப்பு வெள்ளைக் கட்டம்' என்பது மட்டும் போதாது: 1969 இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில் போட்டிக் கார்களுக்கு வழிகாட்டி முன்னே ஓடிய வெள்ளைக் கமாரோவின் இருக்கைகளில் இருந்தது ஆரஞ்சு வேட்டைப்பல் கட்டம்.