நழுவிய கண்ணி எங்கே போகிறது?

“பத்து வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவி, ஏணி மாதிரி ஓட்டை விழுந்துவிட்டது. ஸ்வெட்டரை முழுக்கப் பிரிக்க வேண்டுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டவே வேண்டாம். முதலில் அந்தக் கண்ணியில், அதாவது நழுவிய நூல் வளையத்தில், ஓர் ஊக்கை மாட்டுங்கள். துணியை இழுத்துப் பார்க்காதீர்கள்.

பின்னலில் ஒரு கண்ணியைப் பிடித்து வைத்திருப்பது பக்கத்துக் கண்ணி அல்ல, அதற்குள் புகுந்து மேலேறிய கண்ணி. மேலது உருவிக்கொண்டால் கீழதற்குப் பிடிமானம் கிடையாது. அது போனால் அதற்கும் கீழது. அதனால்தான் ஓட்டம் நேர்கீழாக இறங்குகிறது, பக்கவாட்டில் பரவுவதில்லை.

இப்போது அந்த ஏணிப்படிகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியும் அவிழ்ந்துபோன ஒரு கண்ணி. 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுந்தால், ஒரு கண்ணியின் அகலம் நாலரை மி.மீ. அதற்குள் சுருண்டிருந்த நூலோ ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். படி விறைப்பாக நிற்காமல் தொய்ந்து தொங்குவது இதனால்தான். அந்தத் தொய்வுதான் கண்ணி! நூல் எங்கும் போகவில்லை, வளைவுதான் போயிருக்கிறது.

வளைவைத் திருப்பிக் கொடுக்க 3.5 மி.மீ. குரோஷா ஊசி போதும். நிட் பக்கம், அதாவது கண்ணிகள் V வடிவில் தெரியும் பக்கம், உங்களைப் பார்க்கட்டும். கண்ணிக்குள் முன்னாலிருந்து கொக்கியை நுழைத்து, ஆகக் கீழே இருக்கும் படியைப் பிடித்து, கண்ணி வழியே முன்னால் இழுங்கள். பத்துப் படிக்குப் பத்து முறை. ஒரு படியைத் தாண்டிவிட்டால் பின்பக்கம் நூல் தொங்கும். கடைசிக் கண்ணியை இடது ஊசியில் மாட்டும்போது அதன் வலது கால் ஊசிக்கு முன்னால் வர வேண்டும். மாறினால், அடுத்த வரிசை பின்னும்போது கண்ணி முறுக்கிக்கொள்ளும். உங்களைப் பார்ப்பது பர்ல் பக்கம், அதாவது மேடுமேடாகத் தெரியும் மறுபக்கம் என்றால், துணியைத் திருப்பிக்கொண்டால் போதும். திருப்பூர் பனியன் மெஷினில் உள்ள ஒவ்வொரு ஊசியும் செய்வது கண்ணி வழியே நூலை இழுக்கும் இதே வேலைதான். கொக்கியை மூட ஒரு குட்டி நாக்கு கூடுதல்.

ஒரே ஒரு சிக்கல். கண்ணி நழுவியது தெரியாமல் மேலே பல வரிசை பின்னியிருந்தால், அந்த வரிசைகளில் இதற்கென நூலே ஒதுக்கப்பட்டிருக்காது. படிகள் தொய்வில்லாமல் இறுக்கமாக நிற்கும். இரண்டு மூன்று வரிசை என்றால் அக்கம்பக்கத்துக் கண்ணிகளிடம் கொஞ்சம் கடன் வாங்கலாம். அதற்கு மேல் என்றால் துணி சுருங்கும். அப்போது கண்ணி நழுவிய வரிசை வரை பிரிப்பதே மேல்.

இந்தக் கடன் எப்படிச் சாத்தியம்? 2018இல் பிரான்சில் இயற்பியலாளர்கள் நைலான் நூலில் பின்னிய துணியை இழுத்து ஆராய்ந்தார்கள். நூல் நீள்வதில்லை, வளைவு மாறி, கண்ணிக்குக் கண்ணி நகர்கிறது என்று வைத்தே துணியின் மீள்தன்மையைக் கணக்கிட்டார்கள். பின்னலுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று சிரிப்பவர்கள், தங்கள் காலுறை ஏன் காலைக் கவ்வுகிறது என்று சொல்லட்டும்.

கொக்கியால் எடுத்த கண்ணிகளின் நெடுவரிசை மட்டும் தளர்வாகத் தெரிந்தால், இருபுறமும் உள்ள கண்ணிகளை ஊசி முனையால் லேசாக நெம்புங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துவாலையில் அழுத்தி, தரையில் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் மட்டும் போடாதீர்கள், ஈரக் கம்பளி தன் எடையாலேயே நீண்டுவிடும்.